செங்காவிக் கை

கோடையில் சால்வை போர்த்திக்கொள்ள ஒரு சாக்கு வேண்டும். அதற்காகவே, இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய்வர அம்மா இந்தக் குகையைத் தேர்ந்தெடுத்தாள்.

“உள்ளே ஜில்லுனு இருக்குமாம், சம்பந்தியம்மா” என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்லியும் வைத்தாள். நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் சம்பந்தி.

சால்வைக்குள் என் இடது கை. அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் அதில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. நிச்சயம் முடியும்வரை அந்தக் கை வெளியே தலைகாட்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் மாப்பிள்ளையை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

கைடு சுவரில் டார்ச் அடித்தார். செங்காவியில் கை கையாகப் பதிந்திருந்தது. பாறையில் கையை வைத்து, அதன்மேல் வாயால் சாயத்தை ஊதியிருக்கிறார்கள். பல்லாயிரம் வருஷமாகியும் போகவில்லை.

நடுவில் ஒரு கைக்கு இரண்டு விரல்கள் இல்லை.

மடக்கி வைத்திருக்கலாம், குளிரில் அழுகிப் போயிருக்கலாம், சாமிக்கு வெட்டிக் கொடுத்திருக்கலாம் என்றார் கைடு. இன்னும் யாருக்கும் பிடிபடவில்லையாம். அம்மா திடீரென்று குகையின் கூரையை ரசிக்க ஆரம்பித்தாள்.

எனக்கு வேறொன்று தோன்றியது. அவனோ அவளோ, எனக்கு அவள்தான். அவளுக்கு இன்னொரு கை இருந்திருக்குமே, ஐந்து விரலோடு முழுசாக? அதை விட்டுவிட்டு இதை வைத்திருக்கிறாள். அதுவும் நட்டநடுவில்.

சால்வையை விலக்கி, டார்ச் வெளிச்சத்தில் கையைத் தூக்கினேன். அவள் கைக்குப் பக்கத்தில் என் கையின் நிழல் விழுந்தது. அம்மா இடுப்பில் கிள்ளினாள். நன்றாகவே வலித்தது. நான் கையை இறக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா வந்து என் தோளைத் தடவினார். குரலில் அவ்வளவு கனிவு.

“எங்களுக்கு முதல்லயே தெரியும்மா. பையனும் ஒத்துக்கிட்டான். கல்யாணத்தன்னிக்கும் இவ்வளவு நேரம் இருந்த மாதிரியே பதவிசா மறைச்சு வச்சுக்கோ, அது போதும்.”

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சிரித்தபடி கிட்டே வந்து, சால்வையின் நுனியை எடுத்து, அக்கறையாக என் கையை மூடிவிட்டார்.

சால்வையை உருவி அவரிடமே கொடுத்தேன். அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை. வாசலைப் பார்த்து நடந்தேன்.

அம்மா என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். ஈரப் பாறையில் கால் வழுக்கி, பிடிமானத்துக்குத் தடுமாறினாள்.

இடது கையை நீட்டினேன்.