இறுகின கிளச்

"சின்னப்போடி பாஸ், இண்டைக்கும் அந்த வாஷர் வரல்லயா?"

"வரல்ல காக்கா. கொழும்புல சொல்லி வச்சிருக்கன். வந்திடும்."

லொறி றைவர் அச்சிமுகம்மதுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மாதமாகக் கராச்சில் மெக்கானிக் சின்னப்போடியிடம் இதே பதில்தான். பொய்தான் சொல்கிறாய், அதையாவது கொஞ்சம் மாற்றிச் சொல்லக் கூடாதா?

விசயம் இதுதான். மீராசாஹிபு முதலாளியின் லொறி பழைய காலத்துச் சாமான். கிளச்சை மிதித்தால் ஒரு கம்பி மற்றக் கம்பியை இழுத்து, அது இன்னொன்றைத் தள்ள வேண்டும். கல்முனையிலிருந்து கண்டிக்கு அரிசி ஏற்றிக்கொண்டு மஹியங்கனையின் பதினெட்டு வளைவும் ஏறி முடிப்பதற்குள் இடது முழங்கால் செத்துப்போகும். இருபத்திரண்டு வருசம் அதை மிதித்தவர் அச்சிமுகம்மது. இப்போது அந்தக் கால் மடங்க மாட்டேன் என்கிறது.

அதை அவர் வெளியில் சொல்லவில்லை. தொழுகையில் சுஜூதிலிருந்து எழும்பத் தடுமாறுவதை முதலாளி கண்டால் அன்றோடு வேலை போய்விடும் என்று பயம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக்கூட முதலாளி தொழுகிற கல்முனைக்குடிப் பள்ளியை விட்டுச் சாய்ந்தமருதுக்குப் போய்த் தொழுதார். வீட்டில் கலியாணம் ஆகாத இரண்டு குமர். கையில் இந்த ஒரு தொழில்தான்.

ஜப்பான் சாமான்கள் கொழும்பில் வந்து குவியத் தொடங்கிய காலம் அது. பழைய லொறிக்கும் கம்பிக்குப் பதிலாக ஒயில் கிளச் போடலாம், பஞ்சு மாதிரி அமரும் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கே முதலாளியிடம் போனார்.

"ஒயில் கிளச் போட்டா லொறிக்கு நல்லம் முதலாளி."

"நானும் அதத்தான் யோசிச்சன் அச்சிமுகம்மது. சாமான எடுப்பிச்சு பாஸிட்டக் குடுக்கன்."

மறுபேச்சே இல்லை. சொன்னபடி கொடுத்தும் விட்டார். இப்படியும் ஒரு முதலாளியா என்று அச்சிமுகம்மதுவுக்கு மனம் நிறைந்துபோனது. தொழுகைக்குத் தொழுகை அந்த மனுசனுக்காக துஆக் கேட்டார்.

ஆனால் சின்னப்போடி பாஸ் வேலையைத் தொடவே இல்லை. எல்லாம் வந்ததாம், சிலிண்டருக்குள் போடுகிற ரப்பர் வாஷர் மட்டும் வரவில்லையாம்.

"சொறிக்கல்முனையில இரிந்து சைக்கிள்ள வாற மனுசன், நம்மளோட நல்லாத்தானே பழகினவரு," என்றாள் மனைவி ஸைனம்பு, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே.

"பழகினா என்ன புள்ள. மத்தவன்ட நோவு அவனுக்குத் தெரியுமா?"

அடுத்த நாள் அச்சிமுகம்மது நொண்டி நொண்டி பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனார். ஏறின முதல் கடையிலேயே வாஷர் இருந்தது. வாங்கிக்கொண்டு நேரே முதலாளி வீட்டுக்குப் போய், அவரையும் கராச்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வாஷரைச் சின்னப்போடியின் மேசையில் அடித்து வைத்தார்.

"பாருங்க முதலாளி. கொழும்புல நாலு மாசமாக் கிடைக்காத சாமான். வேல செய்ய மனமில்லாட்டி வாயால சொல்லணும். ஆளப் பேய்க்காட்டக் கூடா."

முதலாளி பாஸை ஒரு மாதிரிப் பார்த்தார். சின்னப்போடி வாஷரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காக்கா, போடத்தான் வேணுமா?"

"போடத்தான் வேணும்."

மூன்றாம் நாள் பின்னேரம் அசர் பாங்குக்கு முன் வேலை முடிந்தது. அச்சிமுகம்மது ஏறி உட்கார்ந்து கிளச்சில் காலை வைத்தார். சத்தமில்லாமல் இறங்கியது. நோவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் பத்து வருசம் ஓட்டலாம், இரண்டு பிள்ளைகளையும் கரை சேர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே முதலாளி வீட்டு வாசலில் லொறியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

வாசலில் முதலாளி நின்றார். பக்கத்தில் அவருடைய புது மாப்பிள்ளை மர்சூக். கலியாணம் முடித்த புதிதில் இதே லொறியை எடுத்து, கிளச்சை அமத்த முடியாமல் கடைத்தெருவில் நடுறோட்டில் நிறுத்திவிட்டு வியர்த்துப்போய் நின்ற பிள்ளை.

"எங்க தம்பி, ஏறிப் பாருங்க," என்றார் முதலாளி.

மர்சூக் ஏறினான். மிதித்தான். லொறி குலுங்காமல் நகர்ந்து சந்திவரை போய்த் திரும்பி வந்தது.

"இனி மாப்பிள்ள ஓட்டட்டும் அச்சிமுகம்மது. பொண் வீட்டோட வந்த புள்ளைக்கு நாமதானே ஒரு தொழில் காட்டணும். நீங்களும் பாடுபட்டது போதும். வீட்டுல இரிங்க."

அச்சிமுகம்மது சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். மர்சூக் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்குப் போய் ஸைனம்பின் முகத்தைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. கால் போன போக்கில் கராச்சுக்கே வந்து, கழற்றிப் போட்டிருந்த பழைய கம்பிகளுக்குப் பக்கத்தில் குந்த முடியாமல் குந்தினார்.

சின்னப்போடி ஸ்பானர்கள் போடுகிற ஆயுதப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். உறை பிரிக்காத ரப்பர் வாஷர்.

"இது மற்றச் சாமானோடயே வந்திட்டுது காக்கா. மாப்பிள்ளைட காலுக்கு லேசாக்கித் தா எண்டுதான் முதலாளி தந்தவர். உங்களிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல."

அச்சிமுகம்மது பொட்டலத்தையே பார்த்தார்.

"உங்கட கால் நோகுறதும் எனக்குத் தெரியும். நொந்தாலும், கிளச் இறுகிக் கிடக்குமட்டும் உங்கட வேலை கிடக்கும் எண்டுதான் ஒளிச்சு வச்சன்."