விளக்கின் பூஜ்யம்

"தள்ளாதே, ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்," என்று கெஞ்சியது சீரம். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் சோதனைக் கருவியின் பம்ப் கேட்கவில்லை. பொடி அடைத்த எஃகுக் குழாய்க்குள் அதைத் தள்ளியது.

அமலோற்பவத்தின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் அது. மாத்திரை விழுங்கியும் அவளுடைய விரல் மூட்டுகளில் வீக்கம் வடியவில்லை. தம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. குழாயின் கடைசியில் இருக்கும் விளக்கிடம் இதைச் சொன்னால் டாக்டர் மருந்தை மாற்றிவிடுவார் என்று சீரம் நம்பியது.

குழாய், சீரத்தில் கலந்திருந்த மருந்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு சீரத்தை முதலில் விட்டது.

"மருந்தா நீ?" என்றது விளக்கு.

"இல்லைங்க, சீரம். ஐயா, அந்தம்மாவுக்கு இன்னும் வலிக்குது."

"வலியா? அது எத்தனாவது நிமிஷத்துல வரும்? வர்ற நேரத்தை வச்சுத்தான் எனக்கு ஆளைத் தெரியும்."

"நேரமெல்லாம் இல்லைங்க. எப்பவும் இருக்கு."

"எப்பவும் இருக்கிறதா? அதைப் பூஜ்யம்னு வச்சுக்கிட்டுத்தான்யா நான் வேலையையே ஆரம்பிக்கிறேன். நகரு, நகரு."

சீரம் கழிவுப் புட்டியில் விழுந்தது. பின்னால் வந்த மருந்தைப் பார்த்து மேலே விளக்கு குதூகலித்தது.

"வா ராசா! சொன்ன நேரத்துக்கு வந்துட்டே!"

"அண்ணே, நீயாவது சொல்லு," என்று சீரம் அடியிலிருந்து கத்தியது. "அவ விரல் வரைக்கும் போனவன்தானே நீ!"

மருந்து விளக்கின் வெளிச்சத்தில் போய் நின்றது. திரையில் ஒரு கோடு மலைபோல எழுந்து இறங்கியது. ரத்தத்தில் மருந்து போதிய அளவு இருக்கிறது, மாற்ற வேண்டியதில்லை என்று முடிவாயிற்று.

பிறகு மருந்தும் அதே புட்டியில் வந்து விழுந்தது. சீரம் சற்று ஒதுங்கி அதற்கு இடம் விட்டது.