ஒரு பக்கம் இழுக்கும் வண்டி

“அண்ணை, என்ர பனிவண்டி ஒரு பக்கமா இழுக்குது. ஒருக்காப் பாப்பியளோ?”

செயின்ட்-மிஷேலில் உள்ள தம் கராஜின் வாசலில் தம்பி றெனோல்டைக் கண்டதும் சவிரிமுத்து கையிலிருந்த திருகியைக் கீழே வைத்தார். இருவரும் முகங்கொடுத்துப் பேசிப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன.

“அக்சிலாத்தான் இருக்கும். சப்பாத்தில கிடக்கிற பனியைத் தட்டிப்போட்டு உள்ளுக்கு வா.”

முன்பு, பனிமேல் இரும்புப் பட்டிகளில் ஊர்ந்தோடும் பழைய வண்டிகள் இரண்டை அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வாங்கி, சேர்ந்தே கழற்றிப் பூட்டியிருந்தார்கள். றெனோல்ட் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லவாலுக்குக் குடிபோக முடிவெடுத்தபோது வாய்த்தர்க்கம் முற்றியது. ஆளுக்கொரு வண்டியெனப் பிரித்துக்கொண்டார்கள். “இனி என்ர வாசல் மிதியாதை” என்றவர் சவிரிமுத்துதான். ஆயினும், வண்டியைக் கொடுத்தனுப்பும் முன், தம்பி வண்டியின் மெல்லிய இடப்பக்க அக்சில் அச்சைக் கழற்றித் தம் வண்டியில் மாட்டி, தம்முடைய தடித்த அச்சை அவனுடையதில் பூட்டியவரும் அவரே. சோடி மாறினால் வண்டி கோணலாக ஓடும். கோளாறைச் சொல்லவாவது அவன் வருவான் அல்லவா?

பனி கொட்டும் ஒவ்வொரு மாரியிலும் அவர் வாசலையே பார்த்திருந்தார். சோடி மாறிய தம் வண்டியை ஒருநாளும் ஓட்டவில்லை.

“ஏன்ரா இவ்வளவு காலம் செண்டு வாறாய்? லவாலில பனி கொட்டுறேல்லையோ?”

“மெட்ரோ லவாலுக்கும் வருதுதானே, அண்ணை. நீங்கள் ஏறேல்லை.”

சவிரிமுத்து பேச்சை மாற்றினார். “உன்ரயில ஒரு அக்சில் பிழையெண்டால் என்ரயிலயும் ஒண்டு பிழையாத்தான் இருக்கும். சேத்துக் கழட்டினதில மாறுப்பட்டிருக்கும். வா, பாப்பம்.”

அவர் டோர்ச்சுடன் தம் வண்டிக்கடியில் படுத்தார். றெனோல்டும் அருகே வந்து படுத்தான்.

இடப்பக்க அச்சு மெல்லியது. அது அவர் அறிந்ததே. வெளிச்சத்தை வலப்பக்கம் திருப்பினார். தடித்ததாக இருக்கவேண்டிய அதுவும் மெல்லியதாகவே இருந்தது. சோடி சற்றும் பிசகவில்லை. இத்தனை மாரிகளிலும் அந்த வண்டி நேராகவே ஓடியிருக்கும்.

சவிரிமுத்து டோர்ச்சைத் தரையில் வைத்தார். “இடப்பக்கத்தை நான்தான் மாத்தினனான்ரா. நீ வருவாயெண்டு.”

றெனோல்ட் கையை நீட்டி வலப்பக்க அச்சைத் தொட்டான்.

“போறதுக்கு முன்னம் வலப்பக்கத்தை நான் மாத்தினனான், அண்ணை. நீங்கள் வருவியளெண்டு. இழுக்குதெண்டது பொய், என்ர வண்டியை நானும் ஒருநாளும் ஓடிப் பாக்கேல்லை.”