இறகா, கம்பளியா?

இசைப்பள்ளி ஒன்றில் பழங்கால விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்டுக்கும் பியானோவுக்கும் ஓயாத சண்டை.

"முந்நூறு வருஷத்துக்கு முந்தின பரோக் இசையைக் காக்கா இறகால தந்தியைச் சுண்டித்தான் வாசிக்கணும். அந்தக் காலத்து முறை அதுதான்," என்றது ஹார்ப்சிகார்ட்.

"சுண்டினா உருக்கம் எங்கேருந்து வரும்? என்னை மாதிரி கம்பளி ஒட்டின சுத்தியலால தட்டணும்," என்றது பியானோ.

பஞ்சாயத்து எலியிடம் போனது. எலி ஹார்ப்சிகார்டுக்குள் நுழைந்து, வெகுநேரம் கழித்து மீசையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தது.

"சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்து முறை பிரமாதம்!"

"கேட்டுக்கோ!" என்று ஹார்ப்சிகார்ட் பெருமையாக ஒரு சுரம் வாசிக்கப் பார்த்தது. சத்தமே வரவில்லை. உள்ளே ஒரு இறகுகூட மிச்சமில்லை.

பியானோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"சிரிச்சது போதும், மூடியைத் திற," என்றது எலி. "ரெண்டு தரப்பையும் விசாரிக்காம தீர்ப்பு சொல்ல நான் என்ன அநியாயக்காரனா?"