ஒரு கீச்சு

முப்பது வருடம் விசைத்தறிகளுக்கு நடுவே நின்ற மாரப்பனுக்குப் பேச்சு கேட்கும். கீச்சென்ற மெல்லிய ஒலிகள் மட்டும் காதைவிட்டுப் போய்விட்டன. முருங்கை மரத்தில் தேன்சிட்டு அலகைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்ப்பார், சத்தம் வராது. ஒருநாள் பழைய டிபன் டப்பாவில் ஓட்டை போட்டு, சின்ன மைக்கைப் பஞ்சு சுற்றிப் பொருத்தி, உள்ளே செல்போனை வைத்து அந்த மரத்தில் கட்டினார். மறுநாள் காலை அதை இறக்கி, பதிவானதைக் கால்வாசி வேகத்தில் ஓடவிட்டார். சத்தம் கனத்துத் தணிந்து அவர் காதுக்கு எட்டியது. ஏறியது, சுழன்று இறங்கியது, வேறு வழியாக மறுபடி ஏறியது. விரல்விட்டு எண்ணினார், பத்தொன்பது சுரங்கள். மூச்சுவிடவே பயமாக இருந்தது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி வள்ளாத்தாள் எழுந்து வந்தாள். “இது நம்ம குருவி இல்லீங்க. அது கீச்சுன்னு ஒரு சத்தந்தானுங்களே போடும்?”

“அந்த ஒரு கீச்சுதான் புள்ள இது, மெதுவா ஓடுது.”

அவர் மறுபடி ஓடவிட்டார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே மரத்தில் குருவி ஒருமுறை கத்தியது; அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப நானும் இதைக் கேட்டதே இல்லீங்களே” என்றாள்.