இளமதி ஊற்றிய மருந்து

சென்னை ஆய்வகத்தில் மகள் இளமதி வளர்க்கும் புற்றுநோய்ச் செல்களைப் பற்றி விசாரிக்காமல், பெருநகர் கிராமத்துக் கனகாவுக்கு ஒரு நாளும் கழியாது. மாலையில் கோழிகளை அடைத்ததும் போனை எடுத்துவிடுவாள்.

“இன்னும் சாவலயா?”

“இல்லம்மா. மரபணு உடைஞ்சா சரிபண்ணிக்க அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு முன்னாடியே கெட்டுப்போச்சு. மருந்து இன்னொண்ணையும் அடைக்கணும்.”

“அடைச்சா இன்னா ஆவும்?”

“உடைசல் சேந்துக்கினே போயி, தானே செத்துடும்.”

அடுத்த வாரம் இளமதியே கூப்பிட்டாள். “செத்துடுச்சும்மா.”

கனகா மார்பிலிருந்த தழும்பைத் தடவிப் பார்த்தாள். அங்கிருந்து அறுத்தெடுத்த கட்டியின் செல்கள்தான் அவை.

“அப்ப டாக்டராண்ட சொல்லு. எனக்குள்ள மிச்சம் கீறதுக்கும் அதையே குடுக்கட்டும்.”