ஒரு விசில்

ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். பஸ் நிற்கவில்லை.

"என்னங்க, என் ஸ்டாப் போயிடுச்சே!" என்றார் டீச்சர்.

"நம்ம டிரைவருக்குக் காது மந்தம், டீச்சர். சொல்லிட்டு வரேன்."

முன்னால் போய்விட்டுச் சிரித்தபடி திரும்பினார் கண்டக்டர். "செக்கிங் ஏறப்போறாங்களாம். யாரும் நிக்கக் கூடாது. பின்னாடி தள்ளி, கீழயாவது உட்காருங்க."

அடுத்த ஸ்டாப்பிலும் விசில் கேட்டது. பஸ் பறந்தது.

"உங்க ரெண்டு பேர் மேலயும் புகார் எழுதறேன்!" டீச்சர் பேனாவை எடுத்தார்.

"தாராளமா எழுதுங்க. உட்கார்ந்து எழுதினா கையெழுத்து கோணாம வரும்."

டீச்சர் முறைத்தபடி உட்கார்ந்தார்.

மேட்டு ரோட்டில் திரும்பி வேகம் குறைந்த பஸ், ஓரத்து மணல் குவியலில் புகுந்து நின்றது. பேனா தெறித்தது. யாருக்கும் அடியில்லை.

டீச்சர் டிரைவரிடம் பாய்ந்தார். "காதுதான் மந்தம்னா கண்ணுமா?"

டிரைவர் வியர்வையில் நனைந்திருந்தார். "காது நல்லாத்தான் இருக்கு டீச்சர். பிரேக்தான் ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடியே போயிடுச்சு. நீங்கள்லாம் பதறக் கூடாதுன்னு கண்டக்டர் அண்ணன் சும்மா ஊதிக்கிட்டு வந்தாரு."

டீச்சர் கண்டக்டர் பக்கம் திரும்பினார்.

சிரிப்பு மறைந்து, வெளிறிய முகத்தோடு சீட்டில் உட்கார்ந்துவிட்ட கண்டக்டர், "மெதுவா இறங்குங்க" என்று சொல்லப் பார்த்தார். பேச்சு வரவில்லை. விசிலை எடுத்து ஊதினார்.

வெறும் காற்றுதான் வந்தது.